லோடு வண்டியின் மூன்று குமிழ்கள்

எங்கள் லோடு வண்டியில் ஏசி இருந்தது. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி தன் இன்ஜினியர்களை வேலை நடக்கும் இடங்களுக்குக் கூட்டிப்போக வைத்திருந்த பிக்கப் அது. முன்னால் டிரைவரும் பக்கத்தில் ஒருவரும் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. பழசானதும் அவர்கள் தள்ளிவிட, என் கணவர் வாங்கி ஆரணிக்கு ஓட்டிவந்தார். வந்த அன்றைக்கே என்னை உள்ளே உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, டேஷ்போர்டின் நடுவில் வரிசையாக இருந்த மூன்று குமிழ்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார்.

"இது காத்து எவ்ளோ வேகமா வரணும்னு. இது குளுரா சூடான்னு. இது மூஞ்சிக்கா காலுக்கான்னு. இன்னா வோணும், சொல்லு."

அதற்கு முந்தின வருஷம்தான் மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தோம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பட்டுநூல் மூட்டைகளைத் தறிக்காரர்களின் வீடுகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் கொண்டுபோவது, நெய்து முடித்த சேலைகளைப் பண்டல் கட்டிக் காஞ்சிபுரத்துக் கடைகளில் சேர்ப்பது, யாராவது வீடு மாறினால் தறியைப் பிரித்து ஏற்றிப்போவது, இதெல்லாம் அவர் வேலை. நான் வீட்டில் உட்கார்ந்து சேலை முந்தானைகளுக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்தேன். தூரத்து லோடு என்றால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். நானும் மடியில் ஒரு முந்தானையை வைத்துக் கட்டிக்கொண்டே போவேன்.

ஐந்தாறு வருஷம் அப்படியே ஓடியது.

ஒரு சித்திரை மாதம். போளூரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியான வெயில். காற்றைக் கூட்டுவதற்காக இடது கையை நீட்டியவர், குமிழைப் பிடித்துத் திருகித் திருகிப் பார்த்தார். அது நகரவில்லை.

"நாப்பு டைட்டா பூட்ச்சி," என்றார்.

வண்டியை ஓரம் கட்டினார். சீட்டுக்கடியிலிருந்து கொறடை எடுத்துக் குமிழைக் கவ்வி ஒரே திருகு திருகினார். பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்து அவர் காலடியில் விழுந்தது. உள்ளே இருந்த சின்ன இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதையே கொறடால் பிடித்துத் திருப்பினார். காற்று வந்தது. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. பழைய வண்டி, வெயிலில் கிடந்து பிளாஸ்டிக் மொரமொரப்பாகிவிட்டது என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழுது பார்க்க உட்கார்ந்தார். அவருக்கு மெக்கானிக்கிடம் போவது பிடிக்காது. ரேடியோவைச் சுற்றியிருந்த சட்டத்தை நெம்பி எடுத்தார். அதன் பின்னால் நான்கு ஸ்க்ரூ. கழற்றி என் கையில் கொடுக்க வேண்டியதுதான். முதல் ஸ்க்ரூ கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. நான்கையும் கழற்றி முடிப்பதற்குள் ஏழெட்டு முறை குனிந்து நிமிர்ந்துவிட்டேன்.

"காலைல ஒண்ணும் துன்னாம வெறும் டீயா குடிச்சிகினு திரிஞ்சா கை எப்படிங்க நிக்கும்?" என்றேன்.

அவர் வேலையிலேயே கண்ணாக இருந்தார். உடைந்த குமிழைப் பசை போட்டு ஒட்டினார். தண்டின் அடியில் சொட்டு எண்ணெய் விட்டார். மறுநாள் காலை எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னும் டைட்டாத்தான் கீது. எண்ணெ பத்தலபோல."

நான் கதவோரம் நின்றபடியே கையை உள்ளே விட்டுக் குமிழைத் திருப்பினேன். வெண்ணெய்போல் நகர்ந்தது. இரண்டு விரல் போதுமாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காற்று கூடிக்கொண்டே போய்ச் சத்தம் போட்டது.

"ஈசியாத்தானே கீது," என்றேன்.

அவர் தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எல்லோருக்கும் மேடாக இருக்கும் சதை அவர் கையில் பள்ளமாக இருந்தது. யாரோ அங்கிருந்து ஒரு துண்டைக் கிள்ளி எடுத்ததுபோல.

உள்ளூர் டாக்டர் கழுத்து எலும்பு நரம்பை அழுத்துகிறது என்று கழுத்துக்குப் பட்டை கொடுத்தார். சத்து ஊசி போட்டார். நான்கைந்து மாதம் அப்படிப் போனது. அந்த மாதங்களில் மற்ற இரண்டு குமிழ்களும் உடைந்தன. ஒட்டின குமிழும் மறுபடி பிளந்தது. திருப்ப முடியவில்லை என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். உடனே கொறடுதான். மூன்று தண்டுகளும் பல்பட்டுத் தேய்ந்து, சீவின கரும்பு மாதிரி நின்றன. கொறடு டேஷ்போர்டின் மேலேயே குடியேறிவிட்டது. "பேஜார் புடிச்ச வண்டி," என்று அவர் திட்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து திட்டினேன். கையைப் பற்றிப் பேசாமல் இருக்க எங்களுக்கு அந்த வண்டி உதவியது.

பிறகு அவருக்கு வார்த்தை லேசாகக் குழற ஆரம்பித்தது. வேலூருக்குப் போனோம். தசைக்குள் ஊசியைச் செருகி இயந்திரத்தில் கோடு கோடாகப் பார்த்தார்கள். மூன்று நாள் அலைந்த பிறகு ஒரு பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்தார். என் மகளைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். ஒரு தாளில் மூளையையும் முதுகுத்தண்டையும் வரைந்து, அங்கிருந்து கைக்குப் போகும் கோடுகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்தார்.

"கைக்கு உத்தரவு கொண்டுபோற நரம்பு ஒவ்வொண்ணா செயலிழந்துட்டே வருது. இப்போ கை. அப்புறம் கால், பேச்சு, முழுங்கறது, மூச்சு. ஞாபகம், அறிவு எல்லாம் அப்படியேதான் இருக்கும். கொஞ்சம் மெதுவாக்கறதுக்கு மாத்திரை இருக்கு. நிறுத்தறதுக்கு இல்லீங்க."

"எவ்ளோ நாளிக்கி வண்டி ஓட்டலாங்க?" என்று அவர் கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இப்பவே நிறுத்திட்டா நல்லதுங்க," என்று என்னிடம்தான் சொன்னார்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து ஏறி உட்கார்ந்தோம். அவர் கொஞ்ச நேரம் சாவியைப் போடவே இல்லை. எதிரே யாரோ ஒருவர் சக்கர நாற்காலியை மடக்கிக் காருக்குள் திணித்துக்கொண்டிருந்தார். என் கணவர் அதைப் பார்க்கவில்லை. மூன்று மொட்டைத் தண்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்புல ஒரு கொறையும் இல்ல," என்றார். "நல்லா இருந்ததயெல்லாம் நாந்தான் ஒடச்சிருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது அங்கேதான். டாக்டர் சொன்னபோது வரவில்லை.

வண்டியை விற்றுவிடலாம் என்று மகள் போனில் சொன்னாள். அவர் என்னிடம் கேட்டார்: "நீ ஓட்றியா?" எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. தெரிந்த டிரைவர் ஒருவர் காய்ந்துகிடந்த ஏரிக்குள் வண்டியை இறக்கிக் கொடுத்தார். என் கணவர் இடதுபக்கம் உட்கார்ந்துகொள்ள, நான் ஓட்டினேன். கிளட்ச்சை விடும்போதெல்லாம் வண்டி குதித்து நின்றுவிடும். மாடு மேய்க்கிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கோபப்படவே இல்லை. "இன்னும் கொஞ்சம் மெதுவா. அது எங்கியும் ஓடிடாது," என்பார். இரண்டாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கினேன். நூல் வியாபாரி ஒருவர் முதல் லோடு கொடுத்தார். மற்றவர்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். மூட்டைகளை ஏற்றி இறக்க வழக்கமாக வரும் லோடுமேன் பின்னால் தொட்டியில் ஏறிக்கொள்வார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேச மாட்டார். அவரும் நானுமாக என் கணவரைத் தூக்கி இடதுபக்க சீட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

இடம் மாறியதில் ஒரு நல்லது நடந்தது. டிரைவர் சீட்டில் இருந்தவரை அந்தக் குமிழ்கள் அவருடைய இடது கைக்குப் பக்கம். இப்போது வலது கைக்குப் பக்கமாக வந்துவிட்டன. வலது கையில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. கொறடைத் தூக்க முடியாது. ஆனால் லேசாகச் சுற்றும் எதையாவது தள்ள முடியும்.

"நாப்ப சரிபண்ணு," என்றார் ஒருநாள். "ஏசிய நான் பாத்துக்கறேன். நீ ரோட்டப் பாரு."

புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த மாடலே நின்றுபோய்விட்டது என்றார்கள். பழைய சாமான் கடைகளில் கேட்டோம், அங்கேயும் உடைந்த குமிழ்கள்தான் இருந்தன. அவர் ஒரு டப்பாவில் சேர்த்துவைத்திருந்த துண்டுகளை எடுத்துவந்து தரையில் கொட்டச் சொன்னார். அவர் நாற்காலியில், நான் தரையில். ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் விரல்நுனி நீளத்துக்கு ஒரு குழாய்போல நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தண்டின் மேல் உட்காருகிற இடம். மூன்றிலும் அதுதான் பிளந்திருந்தது. பசை போட்டாலும் திருப்பும்போது வாய் விரிந்துவிடுகிறது.

"அதச் சுத்தி கட்டணும். கம்பி கட்னா பிளாஸ்டிக்க அறுத்துடும்," என்று யோசித்தார்.

என் மடியில் அப்போது பட்டு இழை இருந்தது. குச்சு கட்டி மிஞ்சியது, அரக்கு நிறம். அதைப் பசையில் நனைத்துப் பிளந்த குழாயைச் சுற்றி நெருக்கமாகச் சுற்ற ஆரம்பித்தேன். குச்சுக்கு முடிச்சுக்கு மேல் சுற்றுகிற அதே சுற்றுதான். எண்ணிக்கை தெரியவில்லை, பிளவு மறைகிறவரை சுற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப இறுக்காத. அப்பறம் தண்டு உள்ள போவாது."

மறுநாள் காய்ந்து கல்லாகியிருந்தது. தேய்ந்துபோன தண்டுகளுக்கு டின் தகட்டை வெட்டிச் சின்னதாக மடித்து ஒருபக்கம் வைக்கச் சொன்னார். வைத்துக் குமிழை அழுத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. குளிர்-சூடு குமிழின் பின்னாலிருந்து ஒரு மெல்லிய கேபிள் உள்ளே போகிறது. அது இழுக்கிற இழுப்பில்தான் குளிர்ந்த காற்றோ சூடான காற்றோ வழி மாறி வருகிறது. அந்தக் கேபிளுக்கு கிரீஸ் தடவினேன். எல்லாம் முடிந்ததும் அவர் கையைத் தூக்கிக் குமிழ் மேல் வைத்தேன். விரல்கள் வளைந்து பிடிக்கவில்லை.

ஒரு பழைய டூத்பிரஷ்ஷின் காம்பை வெட்டி மூன்று துண்டாக்கினேன். ஒவ்வொரு குமிழின் முகத்திலும் குறுக்கே ஒரு துண்டை வைத்து ஒட்டி, அதற்கும் பட்டு சுற்றினேன். இப்போது பிடிக்கத் தேவையில்லை. உள்ளங்கை ஓரத்தால் தள்ளினால் போதும். அவர் தள்ளினார். அது நகர்ந்தது. திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தார்.

அதன் பிறகு வந்த ஐந்து மாதத்தை நான் என்னவென்று சொல்ல. வீட்டில் அவருக்குச் சோறு ஊட்டினேன், பல் தேய்த்துவிட்டேன், குளிப்பாட்டினேன். ஒரு கொசு உட்கார்ந்தால்கூட என்னைத்தான் கூப்பிட வேண்டும். வண்டியில் ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். ஏசி முழுக்க அவர் பொறுப்பு. நான் நெற்றியைத் துடைத்தால் காற்று கூடும். முந்தானையை இழுத்துப் போர்த்தினால் குறையும். நான் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருந்ததில்லை. ஒருமுறை தெரியாமல் என் கை அங்கே போய்விட்டது.

"ஏய், கைய எடு. அது என் வேல," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிக்கும்போது வாயோரம் எச்சில் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

போளூர் பக்கத்துச் சமண மலையான திருமலைக்குப் போன நாளைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, மகளிடம்கூட.

தேசூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாத்திரங்களை இறக்க வேண்டியிருந்தது. லோடுமேன் தன் உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி அங்கேயே நின்றுகொண்டார். திரும்பி வரும் வழியில், கொஞ்சம் சுற்றானாலும் திருமலைக்குப் போகலாம் என்றார் என் கணவர். கல்யாணமான புதிதில் இருவருமாக அந்த மலையேறிக் குகையில் இருக்கும் ஓவியங்களைப் பார்த்திருக்கிறோம். மலையடிவாரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

"நீ மட்டும் ஏறிட்டு வா. எனக்கோசரம் பாத்துட்டு வந்து சொல்லு."

"வாணாங்க. உங்கள உட்டுட்டு எப்படி?"

"ஏசி ஓடிகினுதான இருக்கப்போவுது. நான் எங்க போவப் போறேன்? போ."

ஒரு வருஷமாக அவரை விட்டு நான் எங்கேயும் நகர்ந்ததில்லை. எனக்கும் ஆசை இருந்தது. தனியாக, யாரும் கூப்பிடாத தூரத்தில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்ற ஆசை. என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு ஏறினேன். பாதியில் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். ஓவியங்களைப் பார்க்கப் போகவே இல்லை. காற்று அடித்தது. கீழே எங்கள் வண்டி தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அரை மணி நேரம் இருக்கும். ஒன்றையும் நினைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இறங்கிவந்து கதவைத் திறந்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, கண் பாதி மூடியிருந்தது. வேப்பமர நிழல் விலகி, வெயில் நேராக அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. குளிர்-சூடு குமிழ் சூட்டின் கடைசியில் நின்றது. என்ஜின் சூடு முழுக்க அவர் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். கொஞ்சம் குளிரவே, உள்ளங்கையால் லேசாகத் தள்ளியிருக்கிறார். கையின் பாரம் தாங்காமல் டூத்பிரஷ் காம்போடு சேர்ந்து குமிழ் சூட்டுப்பக்கம் முழுக்கத் திரும்பிவிட்டது. கை நழுவி மடியில் விழுந்தது. அதைத் திரும்பத் தூக்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கும் கைப்பிடியைச் சுற்ற முடியாது. கதவைத் திறக்க முடியாது. கத்தியிருக்கிறார், ஆனால் அப்போதே அவர் குரல் பக்கத்து அறைக்குக் கேட்காது.

குமிழைக் குளிர்ப்பக்கம் தள்ளி, இரண்டு கதவையும் திறந்துபோட்டு, பாட்டில் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினேன். என் முந்தானையை நனைத்து நெஞ்சில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து உதட்டை அசைத்தார். குனிந்து கேட்டேன்.

"படம்லாம் அப்டியே கீதா?"

"கீதுங்க," என்றேன். "அப்டியேதான் கீது."

நான் பார்க்காத ஓவியத்தைப் பற்றி அவரிடம் பொய் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு அவரை இறக்கி உட்காரவைத்ததும், முதல் வேலையாகக் கொறடை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போனேன். மூன்று குமிழ்களையும் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று வெறி. வாசலருகே நாற்காலியில் இருந்தவர் பார்த்துவிட்டார்.

"எடுக்காத."

"செத்திருப்பீங்க. நான் வெச்ச குச்சியால செத்திருப்பீங்க."

"எடுக்காத," என்றார் மறுபடியும். மூச்சு வாங்கியது. "எட்த்துட்டா வண்டில நான் இன்னாத்துக்கு?"

நான் எடுக்கவில்லை. ஆனால் மறுநாள் அவர் தூங்கிக்கொண்டிருந்த மத்தியான வேளையில், ரேடியோ சட்டத்தை நெம்பி, நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் எல்லாவற்றையும் பிரித்தேன். குளிர்-சூடு குமிழின் கேபிளைக் கழற்றினேன். அது இழுக்கும் தகட்டைக் குளிர்ப்பக்கம் தள்ளி, அங்கேயே கம்பி போட்டுக் கட்டிவிட்டேன். பிறகு பழையபடி பூட்டினேன். இப்போது குமிழ் சுற்றும், ஆனால் அதனால் ஒன்றும் ஆகாது. சூடு வரவே வராது.

மறுபடி லோடுகளுக்குப் போனோம். அவர் பழையபடி உள்ளங்கையால் தள்ளினார். "கொஞ்சம் கொறச்சிக்கறேன், குளுருது," என்பார். தள்ளிவிட்டு, "இப்ப பரவால்லல்ல?" என்று கேட்பார். "பரவால்லங்க," என்பேன். அவர் எவ்வளவு திருப்பினாலும் காற்று ஒரே குளிரில்தான் வந்துகொண்டிருந்தது. அவர் உடம்பில் உணர்ச்சி குறைந்துவிட்டது, அதனால் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. தொடுவதும் சுடுவதும் குளிர்வதும் கடைசிவரை தெரியும் என்றுதான் சொல்லியிருந்தார். நினைக்க வசதியாக இருந்ததை நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, மழைக்காலத்தில், காஞ்சிபுரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வெளியே மழை. கண்ணாடியில் ஆவி படிந்து பாதை தெரியவில்லை. நான் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பேச்சு முக்கால்வாசி போய்விட்டிருந்தது. எனக்கு மட்டும்தான் புரியும்.

"கேபிள மாட்டு," என்றார்.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கே." கொஞ்சம் மூச்சு விட்டார். "தொட்டதுமே. லூசா சுத்துச்சி."

"அப்பறம் ஏங்க? ரெண்டு மாசமா ஏங்க திருப்பிகினே இருந்தீங்க?"

அவர் சொல்ல நேரம் பிடித்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நீ பயப்படாம ஓட்டுவ."

மழை தொட்டியின் தார்ப்பாயில் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கி அவர் பக்கம் போய், சீட்டுக்கடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பாதி உடம்பு மழையில் நனைய அங்கேயே சட்டத்தைக் கழற்றிக் கேபிளை மாட்டினேன். ஸ்க்ரூக்கள் என் கையிலிருந்து விழுந்தன. இரண்டு கிடைக்கவே இல்லை. மாட்டி முடித்துச் சூட்டுப்பக்கம் திருப்பினேன். கண்ணாடியில் ஆவி மெல்லக் கரைந்தது. அவர் நடுக்கம் நின்றது. குமிழின் பக்கம் அவர் கையைக் கொண்டுபோனேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். அதுதான் நாங்கள் சேர்ந்து போன கடைசி லோடு.

தை மாதம் அவர் இறந்தார். வீட்டில், காலை பத்து மணி வாக்கில். நான் பக்கத்தில் இருந்தேன், மகளும் இருந்தாள். மூச்சு சிறிதாகி, இன்னும் சிறிதாகி, அடுத்ததற்காகக் காத்திருந்தோம், வரவில்லை. டாக்டர் சொன்னதுபோலவே அவருக்குக் கடைசிவரை எல்லாம் தெரிந்திருந்தது. அன்று காலையில்கூட நான் தலை சீவாமல் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கண்ணால் சீப்பைக் காட்டினார்.

ஒரு மாதம் வண்டியைத் தொடவில்லை. பிறகு நூல் வியாபாரி ஆளனுப்பினார். போனேன். லோடுமேன் மூட்டைகளை ஏற்றிவிட்டு வழக்கம்போல் பின்னால் ஏறினார். காலியாகக் கிடந்த சீட்டில் ஒரு நூல் பண்டலைத் தூக்கி வைத்தேன். அடுத்த லோடுக்கும் வைத்தேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. முன்னால் ஏறிக்கொள்ளவா என்று கேட்டவர்களிடமெல்லாம் சரக்கு இருக்கிறது என்று சொன்னேன்.

போன ஐப்பசியில் போளூரிலிருந்து வரும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தேன். லோடுமேன் தார்ப்பாயை மூட்டைகளுக்குப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருமலும் இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நிறுத்தி, பண்டலை எடுத்துத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தேன்.

"முன்னாடி வாங்கண்ணா," என்றேன்.

"வாணாம்மா. பரவால்ல."

"வாங்க. நனையாதீங்க."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். உட்கார்ந்தார். ஒரு ஆம்பளையின் பாரம் இறங்கியதும் அந்த சீட்டின் ஸ்பிரிங் அமுங்கி ஒரு சத்தம் போட்டது. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பினேன். நூறு அடிகூடப் போயிருக்க மாட்டேன், பாதை தெரியவில்லை. வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். வாய்விட்டு அழுதேன். என் கணவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

லோடுமேன் மெல்லக் கதவைத் திறந்து இறங்கி, மழையில் எனக்கு முதுகைக் காட்டியபடி ரோட்டோரம் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாரன் அடித்ததும் வந்து மறுபடி ஏறிக்கொண்டார். ஆரணிக்கு வந்து சேர்ந்தோம். சாயப்பட்டறையில் ஆட்கள் காத்திருந்தார்கள். மூட்டைகள் எதுவும் நனையவில்லை.